சுகர் இருப்பவர்களுக்கு ஸ்கேலிங்: கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்க வேண்டும்?

ஸ்கேலிங் என்ற ஒரே பெயரில் நம் ஊர் பல் கிளினிக்குகளில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. முதல் வகையில், வெளியே தெரியும் கறையையும், பல்லில் கல்போல இறுகிய அழுக்கான காரையையும் மெஷினால் எடுத்து, பாலிஷ் போட்டு, பதினைந்து இருபது நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது வகையில், ஈறு பல்லைவிட்டு எவ்வளவு பிரிந்திருக்கிறது என்று ஒவ்வொரு பல்லாக அளந்து எழுதுவார்கள். ஈறுக்குக் கீழே வேரில் ஒட்டியிருப்பதையும் எடுப்பார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். ஈறு ஆரோக்கியமாக இருந்து, கறை மட்டும் தொந்தரவு என்றால் முதல் வகையே தாராளம். சுகர் இருப்பவருக்கும், பல் தேய்க்கும்போது ரத்தம் வருபவருக்கும் அது போதாது. அவர்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். பில்லில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கும் என்பதால், எது நடக்கிறது என்று நோயாளியே கவனித்தாக வேண்டியிருக்கிறது.

கவனிக்க வேண்டியது விலை உயர்ந்த நாற்காலியையோ கேமராவையோ இல்லை. ட்ரேயில் கிடக்கும் மெல்லிய அளவுக்கம்பி ஒன்றை. புரோப் என்பார்கள். அதன் நுனிப் பகுதியில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த மாதிரியில் நுனியில் அரை மி.மீ. உருண்டையும், 3.5-க்கும் 5.5 மி.மீ.க்கும் நடுவே ஒரு கறுப்புப் பட்டையும் உண்டு. அந்தக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே, இருபது இருபத்தைந்து கிராம் எடை அழுத்துகிற அளவுக்கு மட்டும் இலேசாக இறக்கி, பல்லைச் சுற்றி ஆறு இடத்தில் அளக்க வேண்டும். வெளிப்பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் மூன்று. 28 பல் இருப்பவருக்கு மொத்தம் 168 அளவுகள். டாக்டர் "மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்று சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே வருவார். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். 1 முதல் 3 மி.மீ. வரை சரி. 4-இல் எச்சரிக்கை. 5, 6 என்றால் உள்ளே பை உண்டாகிவிட்டது. அங்கே எந்த பிரஷ்ஷும் போய்ச் சேராது. கம்பி பட்ட இடத்தில் ரத்தம் வந்ததா என்பதையும் கூடவே குறிப்பார்கள். 168 இடங்களில் ரத்தம் வருவது 10 சதவீதத்துக்குக் கீழே, அதாவது பதினாறு இடங்களுக்குள் இருந்து, பையும் இல்லையென்றால் ஈறு ஆரோக்கியமானது என்று கணக்கு.

முதலில் ஆறு பகுதியாகப் பிரித்துச் சுருக்கமாக அளந்து பார்த்து, ஆழம் இருக்கும் இடத்தை மட்டும் முழுதாக அளக்கும் டாக்டர்களும் உண்டு. அதுவும் முறையான வழியே. கம்பியையே தொடாமல் நேரே மெஷினை எடுப்பதுதான் பிரச்சினை. முன்னால் அளவு இல்லாவிட்டால், பின்னால் குணமானதா என்று சொல்ல வழியே கிடையாது.

சுகர் நோயாளிகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஆழமான பைகளின் உட்சுவர் முழுக்கப் புண்ணாகத்தான் இருக்கும். வாய் முழுக்கப் பரவிய ஈறு நோயில் அந்தப் புண் பரப்பைக் கூட்டினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். காலில் அந்த அளவு புண் இருந்தால் சுகர் டாக்டர் விடமாட்டார். வாய்க்குள் இருப்பதால் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த அழற்சியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் இன்சுலின் வேலை செய்வதைக் குறைக்கின்றன. சுகர் ஏறினால் ஈறு ஆறுவது தாமதமாகும். ஒன்றை ஒன்று வளர்த்துவிடும். 2017-இல் உலக அளவில் ஈறு நோய் வகைப்பாட்டை மாற்றி எழுதியபோது, ரத்தத்தில் சுகரின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவையும் நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று தீர்மானிக்கும் கணக்கில் சேர்த்தார்கள். 7 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே வேகமான பிரிவு. நாளுக்குப் பத்து சிகரெட்டும் அதற்கு மேலும் புகைப்பவர்களும் அதே பிரிவுதான்.

சிகிச்சையால் சுகர் குறையுமா என்றால், குறைகிறது, ஆனால் அளவோடு. முறையான ஈறு சிகிச்சைக்குப் பிறகு ஹெச்பிஏ1சி மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 புள்ளி, ஆறு மாதத்தில் 0.30 புள்ளி குறைவதாக பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. 8.4 இருப்பவர் 8-க்கு வருவார். மாத்திரையை நிறுத்தும் அளவு இது கிடையாது. ஏற்கெனவே போடும் மாத்திரையோடு சேர்ந்து கிடைக்கும் இந்தக் குறைவு நல்ல லாபம்தான். இங்கே ஒரு வசதியும் இருக்கிறது. ஹெச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை. ஈறை மறுபடி அளப்பதும் மூன்றாவது மாதத்தில்தான். சிகிச்சை தொடங்கும் வாரம் ஒரு தடவை, மறு அளவு எடுக்கும் வாரம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இதைத் தானாகவே சொல்லும் கிளினிக் கிடைத்தால் விடாதீர்கள்.

மாரடைப்பு விஷயத்தில் விளம்பரங்கள் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகின்றன. ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் காணப்படுகிறது என்பது உண்மை. ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பு வராது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. கர்ப்பிணிகள் விஷயமும் அப்படியே. 2006-இல் அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், ஈறு சிகிச்சை ஈறைச் சரியாக்கியது, தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் செய்யவில்லை, ஆனால் குறைப்பிரசவத்தைக் குறைக்கவில்லை. கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் வந்தால் ஸ்கேலிங் செய்துகொள்ளலாம், நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை உட்கார வசதியான காலம். குழந்தையின் எடைக்காக என்று யாராவது பேக்கேஜ் விற்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இனி வேலை நடக்கும் விதம். முதல் நாள் பேச்சும் அளவும் எக்ஸ்ரேயும். எந்தெந்த மாத்திரை போடுகிறீர்கள் என்று பட்டியலே கேட்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின், மாற்று உறுப்பு வைத்தவர்களுக்கான சைக்ளோஸ்போரின் ஆகிய மூன்றும் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். முன்பல் நடுவே ஈறு சதைபோல வளர்ந்திருந்தால் சுத்தம் மட்டும் முழுத் தீர்வாகாது. மாத்திரையை மாற்ற முடியுமா என்று எழுதிய டாக்டரிடம் ஒரு கடிதம் போக வேண்டும். நல்ல கிளினிக்கில் அந்தக் கடிதத்தை அவர்களே எழுதித் தருவார்கள். பல பல்லில் ஒரே நேரத்தில் சீழ் கட்டி வருபவரிடம் சுகர் பார்த்தீர்களா என்று கேட்பதும் முதல் நாள் வேலையே.

அதே நாளில், கன்னத்தின் உட்பகுதி, நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடிப்பகுதி ஆகியவற்றை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. பாக்கு, புகையிலை போடுபவர் வாய் திறந்தால் மூன்று விரல் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் சதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் பாக்கும் புகையிலையும் போடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கையில், இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காத கிளினிக்கை எப்படிப் பாராட்டுவது?

அடுத்தது மெஷின். ஈறுக்கு மேலே இருக்கும் காரைக்கு அல்ட்ராசோனிக் ஸ்கேலர். நுனி நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும், சூடேறாமல் இருக்கக் கூடவே தண்ணீர் பீய்ச்சும். காரை அதிகம் படிவது எச்சில் சுரப்பி திறக்கும் இடங்களுக்கு நேராக, அதாவது கீழ் முன்பற்களின் உட்பக்கமும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கமும். வேலை முடிந்ததும் நாக்கு நுனியால் கீழ் முன்பற்களின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம். மெஷின் நுனியும் தேயும் பொருள்தான். 1 மி.மீ. தேய்ந்தால் வேலைத்திறனில் கால்வாசி போய்விடும், 2 மி.மீ. தேய்ந்தால் பாதி. தேய்ந்த நுனியை வைத்து அழுத்தித் தேய்ப்பதால்தான் பலருக்கு வலியும் கூச்சமும் வருகிறது. நுனியின் பக்கவாட்டைப் பல்லில் இலேசாக ஓடவிட வேண்டும். கூரான முனையை நேராகக் குத்தினால் வேரில் கீறல் விழும்.

பை ஆழமாக இருக்கும் இடங்களுக்குத் தனி அமர்வு. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒரு நாள் வலப்பக்கம், இன்னொரு நாள் இடப்பக்கம் என்று செய்வது வழக்கம். அங்கே மெல்லிய நுனி மெஷினோடு, க்யூரெட் எனப்படும் வளைந்த கைக்கருவியும் வேண்டும். பாதி வாய்க்கு நாற்பது நிமிடமாவது ஆகும். முழு வாய்க்கும் டீப் க்ளீனிங் அரை மணியில் முடிந்துவிட்டது, ஊசியும் போடவில்லை என்றால், ஆழத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

கருவிகள் உங்கள் முன்னால் உறையைக் கிழித்து எடுக்கப்பட வேண்டும். ஆட்டோகிளேவ் எனும் நீராவிக் கருவியில் 121 டிகிரியில் 15 நிமிடமோ 134 டிகிரியில் 3 நிமிடமோ வெந்த உறையில் அடையாளக் கோடு நிறம் மாறியிருக்கும். ஸ்கேலர் நுனிக்கும் இது பொருந்தும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைப்பது ஹெபடைடிஸ் பி கிருமிக்குக் கதவு திறப்பதுதான்.

ஸ்கேலிங் மேல் வரும் புகார்களில் பழையதும் பெரியதும், "சுத்தம் பண்ணின பிறகுதான் பல் ஆட ஆரம்பித்தது" என்பது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்த பிறகு, பற்களுக்கு நடுவே பாலம்போல இறுகிய காரை அவற்றை அசையாமல் பிடித்து வைத்திருக்கும். காரை போனதும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. ஈறு வீக்கம் வற்றியதும் ஆட்டம் ஓரளவு குறையும். இடைவெளியும் அப்படித்தான், காரையும் வீங்கிய ஈறும் அடைத்திருந்த இடம் காலியாகத் தெரியும். இந்த இரண்டையும் வேலைக்கு முன்பே, எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கிய அளவைக் காட்டி, சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது கிளினிக்கின் குறை. நோயாளி பயந்து அடுத்த பத்து வருடம் பல் டாக்டர் பக்கமே போகாமல் இருப்பதற்கு அந்த ஒரு மௌனம் போதும். பல் கூச்சம் சில நாளிலிருந்து ஓரிரு வாரம் வரை இருக்கலாம். 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் இதற்கு உதவும், ஆனால் முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

புகைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிகோடின் ஈறின் ரத்தக் கசிவை மறைத்துவிடும். ரத்தமே வருவதில்லை, என் ஈறு நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவரின் பைகள் 7 மி.மீ. இருக்கலாம். அளவுக்கம்பி ஒன்றுதான் அங்கே உண்மையைச் சொல்லும்.

மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை. சுகர் நோயாளி காலை நேரம் வாங்கி, வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டே வர வேண்டும். வெறும் வயிற்றில் வந்து நாற்காலியில் மயங்குவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. ஊசி போட்டால் உதடு மரப்பு போகும்வரை எதையும் மெல்லக் கூடாது என்பதால், அடுத்த வேளைச் சாப்பாட்டு நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை ஸ்கேலிங்குக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே வேலைக்கு வார்ஃபரின் போடுபவர், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் அண்மைய சீட்டைக் கொண்டுவர வேண்டும். செயற்கை இதய வால்வு வைத்தவருக்கும், முன்பு இதய உட்சுவரில் கிருமித்தொற்று வந்தவருக்கும் வேலைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் ஆன்டிபயாடிக் தேவை. பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளை. அதை இதய டாக்டர் எழுதித் தரட்டும். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பழைய காந்த வகை ஸ்கேலர்களைத் தவிர்ப்பார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போடுபவரும் சொல்ல வேண்டும். ஸ்கேலிங்குக்குத் தடை இல்லை, பல் பிடுங்கும் நிலை வந்தால்தான் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து.

கூடுதல் கட்டணத்தில் விற்கப்படும் சேவைகளில் ஏர் பாலிஷிங் நன்றாக இருக்கிறது. எரித்ரிட்டால் என்ற நுண்பொடியைத் தண்ணீரோடு பீய்ச்சிப் பல்லில் ஒட்டிய அழுக்குப் படலத்தை எடுப்பார்கள். முதலில் சாயம் தடவி அழுக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்ணாடியில் காட்டுவது அதன் பெரிய பலம். தான் எங்கே சரியாகத் தேய்ப்பதில்லை என்று நோயாளிக்கு அப்போதே விளங்கிவிடும். இறுகிய காரையை அது எடுக்காது. ஆக, முதல் தடவை வருபவருக்கு அது மட்டும் போதாது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்கு வருபவருக்குக் காசு கொடுக்கலாம். லேசர் வேண்டாம். ஈறு சிகிச்சையோடு லேசரைச் சேர்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவர் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி தெளிவாகச் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் வழக்கமாக ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதுவதையும் அதே வழிகாட்டி ஏற்கவில்லை.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால் இரண்டு வாரத்துக்கு மட்டும். 0.2 சதவீத மருந்து, 10 மி.லி., ஒரு நிமிடம், காலையும் இரவும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே கொப்பளித்தால் பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். அரை மணி இடைவெளி விட வேண்டும். காபி, டீ குடிப்பவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். மாதக்கணக்கில் வாங்கிக் கொப்பளிப்பவர்கள் கறையோடு திரும்பி வருவது இதனால்தான்.

சிகிச்சையின் மறுபாதி வீட்டில் நடக்கிறது. அழுக்குப் படலம் இறுகிக் காரையாவதற்கு இரண்டு வாரம்கூட வேண்டியதில்லை. மென்மையான பிரஷ், ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்வு, குறுகிய அசைவு, இரண்டு நிமிடம். கடின பிரஷ்ஷும் கரிப்பொடியும் செங்கல் பொடியும் வேரைத் தேய்த்துக் குழியாக்கும். பற்களின் நடுவே இந்த பிரஷ் போகாது. அங்கே இன்டர்டென்டல் பிரஷ் எனப்படும் சின்னக் குச்சி பிரஷ் வேண்டும். இந்தப் பட்டியலில் காசுக்கு மிக அதிகப் பலன் தருவது அதுதான். அளவு முக்கியம்: கம்பி பல்லில் உரசாமல், மயிர் மட்டும் இரு பக்கமும் இறுக்கமாகத் தொட வேண்டும். கடைவாய்க்கும் முன்பல்லுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படும் என்பதால், கிளினிக்கிலேயே போட்டுக் காட்டச் சொல்லி, அந்த நிறத்தைக் குறித்துக்கொண்டு வாங்குங்கள். வளைத்துத் திணித்தால் கம்பி முறியும். மயிர் சாய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். இடைவெளியே இல்லாத இடத்துக்கு ஃப்ளாஸ் நூல். வாட்டர் ஃப்ளாஸர் ரத்தக் கசிவைக் குறைக்கும், ஒட்டிய படலத்தைக் குச்சி பிரஷ் அளவுக்கு எடுக்காது. பல் கட்டியவர், இம்பிளான்ட் வைத்தவர், விரல் வளையாத பெரியவர்கள் ஆகியோருக்கு வாங்கித் தரலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஓராண்டுக்குக் குச்சி பிரஷ் வாங்கிவிடலாம்.

விலையைப் பொறுத்தவரை, பெரிய ஊர்களில் சாதாரண ஸ்கேலிங் பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் இருக்கும். ஆழமான சுத்தத்துக்கு வாயை நான்கு பாகமாகப் பிரித்துப் பாகத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அந்தத் தொகையில் மூன்றாம் மாத மறு அளவு சேருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். காசு குறைவு, நேரம் இருக்கிறது என்பவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மிக நல்ல இடம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டி, 1953-இலிருந்து இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் வேலை மெதுவாக நடக்கும், இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கும். ஆனால் ஒரு பல் விடாமல் அளந்து எழுதுவது அவர்களுக்குப் பாடம். அதனாலேயே நிறைய தனியார் கிளினிக்குகளில் கிடைக்காத முழு அளவுப் பட்டியல் அங்கே கிடைத்துவிடும். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிட வேண்டும்.

மறு அளவில் எல்லாப் பைகளும் 4 மி.மீ.க்குள் வந்து, தொட்டால் ரத்தம் வராவிட்டால் வெற்றி. அதன் பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. சுகர் ஏறி இறங்குபவருக்கு மூன்று மாதமே சரி. 6 மி.மீ.யும் அதற்கு மேலும் நிற்கும் இடங்கள் இருந்தால் மறுபடி மறுபடி ஸ்கேலிங் செய்து பணம் கட்ட வேண்டாம். அந்த அளவுப் பட்டியலையும் எக்ஸ்ரேயையும் கையில் வாங்கிக்கொண்டு, ஈறு நோய்க்கென்றே மேற்படிப்பு படித்த பெரியோடான்டிஸ்ட்டிடம் போங்கள். ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சிறு அறுவை தேவையா என்று அவர் சொல்வார்.